மேஸ்திரி மகனின் கால்

ரத்தினசாமி மேஸ்திரி ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று கங்காதரன் பத்து வருஷமாகக் காத்திருந்தான். வந்தால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் கதவைச் சாத்துவது என்றெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் தோலைப் புரட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். ஆனால் அந்த ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, காற்று தெருமண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் நிஜமாகவே வந்து நின்றபோது அவன் வாயில் வந்தது, "உள்ள வாங்க மேஸ்திரி, குந்துங்க" என்பதுதான். பகையாளி படியேறி வந்தால் மனுஷனுக்கு முதலில் மரியாதைதான் வந்து தொலைக்கிறது. அவன் பெண்டாட்டி சந்திரா பாயை உதறிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மேஸ்திரி குந்தினார். ஆம்பூரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஷாப்பில் ஈரத்தோல் வேலை முழுக்க அவர் கண்ணசைவில்தான் நடந்தது. தொழிலாளர் விளையாட்டுக் கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். பின்னால் ஒரு பையன் நின்றான். நல்ல நெட்டை. கை இரண்டும் முழங்காலைத் தொட்டுவிடும் போலத் தொங்கின. மேல் உதட்டில் ஒரு பூனை ரோமம்கூட இல்லை.

"எம் பையன்டா, பரந்தாமன். பத்தாவது படிக்கிறான். கெணத்துல எறங்கினான்னா மீனு தோத்துடும். சைக்கிளும் நல்லா மெரிக்கிறான். ஓட்டந்தான் கொஞ்சம் கம்மி. தையில மூணாட்டம் வருதில்ல? அதுக்கு நீதான் இவனைத் தயார் பண்ணணும்."

மூணாட்டம் என்பது ஊரார் வைத்த பேர். தோல் வியாபாரத்துக்காக ஜெர்மனி போய்வந்த ஒரு முதலாளி வீட்டுப் பிள்ளை, அந்தப் பக்கமெல்லாம் ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடுகிறார்கள் என்று வந்து சொல்ல, காணும் பொங்கலன்று இங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏரியை நீந்திக் கடக்கணும், சைக்கிளில் மாதனூர் போய்த் திரும்பணும், அப்புறம் தார் ரோட்டில் மின்னூர் வரை ஓடித் திரும்பணும். ஆரம்பித்த நாளிலிருந்து கப்பு வாணியம்பாடிக் கிளப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிளப்பின் நசீர் அகமது வருஷா வருஷம் ரத்தினசாமி கையாலேயே கப்பை வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷமும் வர்றோம் மேஸ்திரி" என்று சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு மேஸ்திரிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மேஸ்திரி? நான் ஆமை மாதிரி கத்துக்குடுக்கறவன்" என்றான் கங்காதரன்.

"தெரியும்டா. ஆனா உங்கிட்டேர்ந்து வந்தவனுங்கதான் நிக்கிறானுங்க. ஆபித் பாஷா இன்னிக்கு ஸ்போர்ட்ஸ்ல ரயில்வே வேலை வாங்கிகினு கீறான். யாரு பண்ணுனது? நீ பண்ணுனது."

அது பொய்யில்லை. ஷாப்பு விட்டதும் சாயங்காலத்தில் கங்காதரன் கஸ்பா பகுதிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவான். முதல் வருஷம் தண்ணீர்தான். விளையாட்டு மாதிரி நீந்தணும். அடுத்த வருஷம் சைக்கிள். ஓட்டம் கடைசியில்தான் வரும், அதுவும் பாலாற்று மணலில், வெறுங்காலில், மெதுவாக. மீசை கறுக்காதவனைப் பந்தயத்துக்கு அனுப்பவே மாட்டான். "அடைகாக்கிறான்டா கங்காதரன், குஞ்சு எப்ப வரும்?" என்று ஊர் கேலி பண்ணியது. குஞ்சு வந்து, பறந்து, சம்பளமும் வாங்க ஆரம்பித்த பிறகுதான் வாயை மூடியது.

இன்னொரு வழக்கமும் அவனுக்கு இருந்தது. பிள்ளையைச் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்து வயசை நம்ப மாட்டான். இந்த ஊரில் எல்லாப் பிள்ளையும் ஜூன் மாசத்தில்தான் பிறக்கும். அதனால் நேராகத் தாயிடம் போய், "எப்பம்மா பொறந்தான்? எந்த மழைக்கு முந்தி? யாரு கல்யாணத்துக்குப் பிந்தி?" என்று கேட்டு எலும்புக்கு எத்தனை வயசு என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறக்குவான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதடா கங்கா" என்றார் மேஸ்திரி. "சுண்ணாம்புக் குழியிலேர்ந்து உன்னை பினிஷிங்குக்கு மாத்திடறேன்."

"பழசு இன்னா கீது மேஸ்திரி?" கங்காதரன் சிரித்தான். "பையனை நாளைக்கே அனுப்புங்க. வாரா வாரம் ரேஸுக்கு இட்டுகினு போறேன்."

மேஸ்திரி நம்பாமல் பார்த்தார். "மெய்யாவா? சின்னப் பசங்களை ரேஸுக்கு உடமாட்டேன்னு சொல்லுவியாமே."

"அது மத்த பசங்களுக்கு. மேஸ்திரி பையன்னா தனி."

அவர் போனதும் சந்திரா அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோல் தைக்கிறவள். கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை.

"இன்னாத்துக்குய்யா ஒத்துகினே? அந்தாளு மூஞ்சில முழிச்சாலே உனக்குச் சோறு எறங்காதே."

"இனிமே எறங்கும்."

"இன்னா பண்ணப் போறே?"

"அவரு எனக்கு இன்னா குடுத்தாரோ, அதை அவரு புள்ளைக்குத் திருப்பிக் குடுக்கப் போறேன். ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

சந்திராவின் கண் அவன் காலுக்குப் போயிற்று. அவன் இடதுகால் முழங்காலுக்கு ராத்திரியில் விளக்கெண்ணெய் சூடு பண்ணிப் போடுகிறவள் அவள்தான். அந்தக் காலுக்கு என்ன ஆனது என்பது அவளுக்கு மனப்பாடம்.

பதினாலு வயசில் குடியாத்தத்தில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் கங்காதரன் முதல் கப்பு வாங்கினான். ரத்தினசாமி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜாரைச் சுற்றிவந்தார். பிரியாணி வாங்கிக் கொடுத்தார், புது டவுசர் தைத்துக் கொடுத்தார். அப்பன் இல்லாத பையனுக்கு அது போதாதா? அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஆற்காடு, திருப்பத்தூர், சோளிங்கர் என்று எங்கே பந்தயம் நடந்தாலும் தார் ரோட்டில் ஓடினான். முழங்காலுக்குக் கீழே கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு புடைப்பு வந்தது. மேஸ்திரி ஒருத்தரைக் கூட்டிவந்து அதைச் சூட்டு எண்ணெயில் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். கதறக் கதறத் தேய்த்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி ஓடினான். வேலூரில் ஜில்லாப் போட்டியன்று, இன்னும் ஒரே சுற்று பாக்கி இருக்கும்போது, கால் மடங்கி விழுந்தான். அன்றைக்கு எழுந்தவன் ஓட்டக்காரனாக எழவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஊர் திரும்பியதும் கிளப்பு ஆண்டு விழாவில், ஆயிரம் பேர் முன்னால், ரத்தினசாமி மைக்கில் சொன்னார்: "நல்ல கடலைன்னு நெனச்சி வறுத்தோம். சொத்தையா பூடுச்சி." கூட்டம் சிரித்தது. மறுவாரமே அவனைச் சுண்ணாம்புக் குழி வேலையில் சேர்த்தார், உபகாரமாம். அவன் ஜெயித்த கப்புகள் அத்தனையும் இன்றைக்கும் மேஸ்திரி வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கின்றன. கிளப்புச் சொத்தாம்.

பரந்தாமன் மறுநாளே வந்தான். கங்காதரன் அவன் தாயிடம் போய் எதையும் கேட்கவில்லை. பத்தாவது என்றால் பதினைந்து. தனக்கும் அப்போது ஏறக்குறைய அதே வயசுதான். கணக்கு நேராக இருக்கிறது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

தண்ணீரில் அந்தப் பையனைப் பார்த்தபோது கங்காதரனே தன் கணக்கை மறந்துபோனான். அப்படி ஒரு நீச்சல். தண்ணீர் அவனை எதிர்க்கவே இல்லை. சொந்தப் பிள்ளையாக இருந்தால் ரெண்டு வருஷம் இந்த ஏரியை விட்டு வெளியே எடுக்க மாட்டேன் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே மிதித்துவிட்டு, "ஏறு மேல, ரோட்டுக்குப் போலாம்" என்றான்.

வாஹித் பாஷாவின் வாடகை சைக்கிள் கடைதான் அவனுக்கு அன்றாடம் குந்துகிற இடம். சின்ன வயசிலிருந்து தோஸ்த். பெடல் தட்டிக்கொண்டிருந்த வாஹித், தார் ரோட்டில் பையன் தொம் தொம்மென்று ஓடிப்போவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா கங்கா இது? என் கடைப் பையன் கேட்டப்போ ரோட்டுல ஓடக் கூடாதுன்னே. மேஸ்திரி பையன் மட்டும் ஓடறான்?"

"அவங்கப்பன் ஆசைப்படறாரு பாய்."

"அப்பன் ஆசைப்பட்டா நீ உட்டுடுவியா? எனக்குத் தெரியாதா உன்னை? இதுல இன்னாவோ பேஜார் கீது."

"கீது. வாயை மூடிகினு ரெண்டு சக்கரத்துக்கும் காத்து அடி."

ஆவணியில் குடியாத்தம், புரட்டாசியில் ஆற்காடு. பரந்தாமன் ஜெயித்தான், ஜெயித்துக்கொண்டே இருந்தான். ரத்தினசாமி ஒவ்வொரு கப்பையும் ஷாப்பு வாசலில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனார். கங்காதரனைப் பினிஷிங்குக்கு மாற்றினார். பத்து வருஷத்துக்கப்புறம் அவன் விரலிடுக்கில் சுண்ணாம்புப் புண் ஆறியது. பையனோ அவன் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். "அண்ணா, இன்னும் ஒரு ரவுண்டு போட்டுமா?" என்று அவனாகவே கேட்பான். "போடு" என்பான் கங்காதரன்.

ஓடி முடித்தால் பையனுக்குச் சந்திரா கேவுரு களியும் கருவாட்டுக் குழம்பும் போடுவாள். மேஸ்திரி வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பே இல்லாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு உருண்டையை முழுங்கிவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்பான். அவள் போடுவாள். போட்டுவிட்டுப் புருஷனை முறைப்பாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். சாப்பிட உட்கார்ந்த பரந்தாமன் இடதுகாலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டான். டவுசருக்குக் கீழே, முழங்கால் சில்லுக்கு அடியில், கொட்டைப்பாக்கு மாதிரி அந்தப் புடைப்பு தெரிந்தது. கங்காதரன் பார்த்தான். உடம்பெல்லாம் இனித்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு இனிப்பை அவன் தன் கல்யாணத்தன்றும் அனுபவித்ததில்லை.

"வலிக்குதாடா?"

"கொஞ்சம் வலிக்குதுண்ணா. நைனாகிட்ட சொல்லாதீங்க, திட்டும்."

"சொல்லல. வர்ற ஞாயித்துக்கெழமை திருப்பத்தூரு. போலாமா?"

"போலாண்ணா."

அவன் போனதும் சந்திரா தட்டை எடுத்துச் சுவரோரம் விட்டெறிந்தாள். "நான் போட்ட சோத்தைத் துன்னுட்டுப் போற புள்ளைய்யா அது! நீ இன்னா மனுஷன்?"

"அவரு வாங்கிக் குடுத்த பிரியாணியைத் துன்னுட்டுத்தான் நானும் ஓடுனேன்" என்றான் அவன்.

அந்த வார நடுவில் பையனின் தாய் தனகோடி வந்தாள். குடியாத்தத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். மேஸ்திரி பெண்டாட்டி என்ற மிதப்பு இல்லாதவள். முந்தானையில் மூடி ஒரு தூக்கில் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்திருந்தாள்.

"சந்திரா, உங்க வீட்டுக்காரர்கிட்டக் கொஞ்சம் சொல்லேன். புள்ளை காலு வலின்னு தலகாணியைக் கடிச்சிகினு அழுவறான். இவரைக் கேட்டா ஆம்பளைப் புள்ளைக்கு இன்னா வலின்றாரு."

கங்காதரன் உள்ளே லுங்கியை மடித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து, "வளர்ற வயசுதான்க்கா, பதினஞ்சுல கொஞ்சம் வலி இருக்கத்தான் இருக்கும்" என்றான்.

தனகோடி சிரித்தாள். "பதினஞ்சா? யாருக்கு தம்பி? அவனுக்குப் பதிமூணே இப்பத்தான முடிஞ்சிது."

"பத்தாவது படிக்கிறான்னாரே மேஸ்திரி."

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறே! நாலு வயசுல இவரு இட்டுகினு போயி ஸ்கூல்ல நிறுத்திட்டாரு. வாத்தியாரு, கையைத் தலைமேல வளைச்சி காதைத் தொடுறான்னாரு. தொட்டா ஆறு வயசுன்னு அர்த்தமாம். இவனுக்குத்தான் கை வளத்தியாச்சே! காதைத் தொட்டுட்டுக் கன்னத்தையும் தடவினான். வாத்தியாரு ஆறுன்னு எழுதிகினாரு. சீக்கிரம் படிச்சி முடிச்சிடுவான்னு இவருக்கு சந்தோஷம்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ குடியாத்தத்துல மொத கப்பு வாங்கினியே, அந்த வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிஞ்ச கையோட பொறந்தவன் தம்பி இவன். நீ ஓடி வர்றதைக் கைக்கொழந்தையோட மாடிமேல நின்னு பாத்தவ நான். இந்தப் புள்ளை மாதிரி என் புள்ளையும் ஓடணும்னு அன்னிக்கு வேண்டிகினேன்" என்றாள்.

அவள் போன பிறகும் கங்காதரன் நின்ற இடத்திலேயே நின்றான். ஊரில் உள்ள தாய்மாரையெல்லாம் கேட்டுத் திரிந்தவன், இவளை மட்டும் கேட்காமல் விட்டான். கேட்கத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டால் கணக்கு இடித்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. உதட்டில் ரோமம் இல்லை என்று முதல் நாளே பார்த்தவன்தானே. ரத்தினசாமி அவனைப் பிழிந்தபோது அவனுக்குப் பதினாலு வயசாவது இருந்தது. இந்தப் பையன் வந்து நின்றபோது பதிமூணு. ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை என்று சொன்ன வாய் கசந்தது. "இப்ப ஜாஸ்தியா கம்மியா?" என்று சந்திரா கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷாப்புக்குப் போனான்.

மேஸ்திரி தோல் ஊறுகிற பெரிய மர டிரம்முக்குப் பக்கத்தில் நின்று தோல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் சுற்றுகிற சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"மேஸ்திரி, பையன் காலு வீங்கிகினு கீது. எனக்கு வந்ததே, அதே மாதிரி. ஒரு வருஷம் ஓட்டத்தை நிறுத்தணும்."

"தை முடியட்டும்டா."

"அவனுக்குப் பதிமூணுதானாமே. எனக்கு நீங்க சொல்லவேயில்ல."

"அதுல இன்னா கீது? நான்தான ஸ்கூல்ல சேத்தேன், எனக்குத் தெரியாதா? சின்ன உடம்பு, சீக்கிரம் தேறிக்கும்."

"தேறாது மேஸ்திரி. தைக்குள்ள காலு போயிடும்."

ரத்தினசாமி அவன் தோளில் கை போட்டார். அன்பாகத்தான் போட்டார். "போனா போவட்டும்டா. கப்பு வந்துடுமில்ல? வறுக்கிற கடலையில சொத்தையும் இருக்கத்தான் இருக்கும். நீ போயி உன் வேலையைப் பாரு."

கங்காதரனுக்குக் காது அடைத்தது. சொந்தப் பிள்ளை! பத்து வருஷமாக அவன் நினைத்துக்கொண்டிருந்தது, தான் அப்பன் இல்லாத ஏழை, ஊரான் பிள்ளை, அதனால் பிழிந்து போட்டார் என்பதுதான். அப்படியில்லை. இந்த மனுஷனுக்கு எந்தப் பிள்ளையும் பிள்ளையில்லை. பரந்தாமன் கால் ஒடிந்தால் தனகோடி அழுவாள், பையன் அழுவான், சந்திராகூட அழுவாள். ரத்தினசாமிக்கு ஒரு சொட்டு வராது. பழி வாங்குகிறேன் என்று இத்தனை நாளும் ஆளில்லாத இடத்தில் கத்தியைச் செருகிக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்கு வலிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்தக் கண்ணாடி அலமாரி.

விலகிவிடலாம். விலகினால் மேஸ்திரி இன்னொருத்தனைப் பிடிப்பார், அவனும் ஓடவிடுவான். பையனிடம் சொன்னாலும் கேட்க மாட்டான், ஜெயிக்கிற வெறி தலைக்கேறிவிட்டது. அதனால் கங்காதரன் வாயைத் திறக்கவில்லை. திருப்பத்தூர் பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டான். அடுத்த வாரம் தனக்குக் காய்ச்சல் என்றான். ஓட்டம் பழக வேண்டாம், மூச்சுதான் முக்கியம் என்று பொய் சொல்லிப் பையனைத் தினமும் ஏரியிலேயே போட்டு ஊற வைத்தான். மார்கழிப் பனியில் பையன் பல் கிட்டிக்கக் கரையேறுவான்.

"தையன்னிக்கி இன்னா பண்ணுவே?" என்று சந்திரா கேட்டாள்.

"நீந்தட்டும். சைக்கிளும் மெரிக்கட்டும். அதால காலுக்குப் பெரிசா கெடுதி இல்ல. ஓட்டத்துக்கு எறங்கறப்போ புடிச்சி நிறுத்திடுவேன். முதல்ல வர்றவனை நிறுத்தணும். அவரு மைக்குல கத்திகினு இருக்கறப்போ நிறுத்தணும்."

"முந்தியே சொல்லி நிறுத்தினா இன்னா? புள்ளையை ஊர் பாக்க அழவெச்சித்தான் ஆவணுமா?"

"அவரு பாக்கணும்."

"அப்ப இன்னும் அந்தப் புள்ளையை வெச்சித்தான்யா நீ பழி தீத்துக்கற" என்றாள்.

காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்கத் தலைகள். கரும்பும் பலூனும் விற்றார்கள். ஏரி கோடி வழிய நிறைந்திருந்தது. ரத்தினசாமி பந்தலில் பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நசீர் அகமது வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கப்பு வெயிலில் மினுங்கியது.

பரந்தாமன் தண்ணீரிலிருந்து ஏறும்போது அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. சைக்கிளில் மாதனூர் போய்த் திரும்பும்போதும் இல்லை. "நம்ம ஆம்பூர் சிங்கம் வருது பாருங்க! என் புள்ளை, நான் பெத்த புள்ளை!" என்று மைக் அலறியது. சைக்கிளை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிற இடம் பந்தலுக்கு எதிரேயே, வாஹித் பாஷா கடை வாசலில். கங்காதரன் அங்கே தண்ணீர்ச் செம்போடு நின்றான்.

பையன் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். வாஹித் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காதரன் செம்பைக் கீழே போட்டுவிட்டுப் பையனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தான்.

"போதும்டா. உக்காரு."

"அண்ணா, நான்தாண்ணா ஃபஸ்ட்டு!"

"தெரியும். உக்காரு."

பரந்தாமன் திமிறினான். அவன் தோளைப் பிறாண்டினான், கையைக் கடித்தான். கங்காதரன் விடவில்லை. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பையனுக்கு மயக்கம் போல என்றார்கள். வாணியம்பாடிப் பையன் ஒருத்தன், பெரியவன், மீசை வைத்தவன், சைக்கிளை விட்டிறங்கி அவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு மின்னூர்ப் பக்கம் ஓடினான். பின்னாலேயே இன்னொருத்தன், அப்புறம் மூணாவது ஆள். மைக் திடீரென்று ஊமையாயிற்று.

ரத்தினசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "உடுடா அவனை! இன்னாடா பண்றே?"

"நிறுத்திட்டேன் மேஸ்திரி."

"யாருடா நீ நிறுத்தறதுக்கு?"

"நீங்கதான வாத்தியாரா வெச்சீங்க. வாத்தியாரு நிறுத்துனா நிறுத்துனதுதான்."

மேஸ்திரி அவன் கன்னத்தில் அறைந்தார். "நாளையிலேர்ந்து ஷாப்பு பக்கம் தலைகாட்டின, தோலை உரிச்சிடுவேன்!"

"காட்டல" என்றான் கங்காதரன். கன்னம் எரிந்தது. எரிந்தாலும் சுகமாக இருந்தது. ஊரே பார்க்க, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "நீங்க பந்தலுக்குப் போங்க மேஸ்திரி. கப்பை எடுத்துக் குடுக்கணுமில்ல? நசீர் பாய் காத்துகினு கீறாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள். பந்தலில் நசீர் அகமது எழுந்து நின்று, மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரத்தினசாமியின் முகம் வெந்த தோல் மாதிரி சுருங்கியது. மகனை ஒரு தடவை பார்த்தார். குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பார் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்தார்கள். "தூ" என்று துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அப்போதுதான் கங்காதரன் பிடியைத் தளர்த்தினான். பரந்தாமன் எழுந்து நின்றான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"ஏண்ணா?"

உன் நல்லதுக்குத்தான்டா என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. சொல்லியிருந்தால் பையன் என்றைக்காவது ஒருநாள் மன்னித்து, கும்பிடக்கூடச் செய்வான். கடை வாசலில் நின்ற சந்திரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் காலைக் கெடுத்தது நான்தான்டா" என்றான் கங்காதரன். "தெரிஞ்சேதான் கெடுத்தேன். உங்கப்பன் என் காலைக் கெடுத்தாரு, அதுக்குப் பதிலா உன் காலை எடுக்கணும்னுதான் உன்னை ரோட்டுல ஓடவெச்சேன். அவ்ளோ சின்னவன்னு தெரியாது. தெரிஞ்சிக்கவும் பாக்கல. இன்னிக்கு நிறுத்துனதும் உனக்காக மட்டும் இல்ல."

பையன் அவனை வெறித்துப் பார்த்தான். பதிமூணு வயசு முகம் கண்ணெதிரே வயசானது. பிறகு ஒரு அடி பின்னால் வைத்து, இடதுகாலை வீசிக் கங்காதரனின் முழங்காலிலேயே உதைத்தான். உதைத்தவனும் கத்தினான், உதை வாங்கியவனும் கத்தினான். கங்காதரன் மண்ணில் சாய்ந்தான்.

"பாய்" என்றான் கீழே கிடந்தபடியே, கண்ணில் தண்ணீர் முட்ட. "பாத்தியா பாய்? இடதுகாலு. மடங்காம, முழுசா நீட்டி உதைச்சான். கெட்ட காலு அப்படி நீளாது. என்னுது நீளாது."

"பைத்தியக்காரா, எழுந்திருடா மொதல்ல" என்று வாஹித் பாஷா அக்குளில் கைகொடுத்தார்.

"நான் பெரியவனாவேன்டா" என்றான் பரந்தாமன். அண்ணா என்ற சொல் போயே போய்விட்டது. "அன்னிக்கு வந்து உன்னைப் பாத்துக்கறேன். உட மாட்டேன்."

"வா" என்றான் கங்காதரன். "இங்கதான் இருப்பேன். அதுவரைக்கும் ரோட்டுல ஓடாத."

பந்தலில் வாணியம்பாடிக்காரர்கள் தமுக்கு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பையன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்பன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் ரெண்டாகப் பிளந்து வழிவிட்டது. இந்த ஆத்திரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சந்திராகூட அவனைப் பிடிக்க ரெண்டு எட்டு வைத்துவிட்டாள். பரந்தாமன் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தான்.